ஒற்றைக் குண்டு ரைஃபிளுக்குப் பழைய பாணி பின் சைட் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

பின் சைட் என்பது குறிபார்ப்பதற்காகக் குழலின் மேல், சுடுகிறவர் பக்கமாக நிற்கும் இரும்புத் துண்டு. அது உட்காருவதற்காகக் குழலின் மேல் குறுக்காக வெட்டும் பள்ளத்தைத்தான் காடி என்கிறேன். இங்கே சொல்லப்போவது பழைய பாணியில் புதிதாகச் செய்யப்பட்ட ரைஃபிளுக்கானது. எட்டுப்பட்டைக் குழல், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. பின்பக்கம் திறந்து ஒரே ஒரு தோட்டா போடும் ரைஃபிளாக இருந்தாலும் காடி வெட்டும் வேலை இதேதான். உண்மையிலேயே நூறு வருஷம் தாண்டிய துப்பாக்கியாக இருந்தால் குழலில் அரத்தை வைக்காதீர்கள். அதில் ஏற்கெனவே இருக்கும் காடிக்குத் தகுந்தபடி புது சைட்டைத் தேய்த்துக்கொள்ளுங்கள், போதும்.

இந்த வேலையைப் பலருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அரம் பிடிக்கத் தெரியாமல் கெடுத்தவர்கள் குறைவு. வரிசையை மாற்றிச் செய்து கெடுத்தவர்கள்தான் அதிகம். சைட்டை வாங்கியதும் அதன் அடிப்பாகத்தை அளந்து, அந்த அளவை அப்படியே குழலில் கோடு போட்டு, ரம்பத்தை எடுத்துவிடுகிறார்கள். அது ஏன் தவறு என்பது 4-வது படியில் வரும்.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

சைட் கையில் வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பழைய பாணி சைட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடிப்பாகம் டவ்டெயில் வடிவம். அடியில் அகலம், மேலே குறுகல், பக்கங்கள் 60 டிகிரி சாய்வு. பரவலாகக் கிடைக்கும் அளவு 3/8 அங்குலம், அதாவது அடியில் சுமார் 9.5 மி.மீ. ஆனால் கையால் செய்யப்படும் சைட்டுகள் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல் வெர்னியர் காலிப்பரால் நீங்களே அளங்கள்.

அப்புறம் தேவைப்படுபவை: பட்டறை வைஸ், அதன் தாடைகளுக்குத் தோல் அல்லது மெல்லிய மரத்துண்டு, நல்ல பிளேடு போட்ட ஹேக்சா, விளிம்பில் பல் இல்லாத சிறிய தட்டை அரம், முக்கோண அரம், மூலைமட்டம், ஸ்கிரைபர், சிறிய ரசமட்டம், பித்தளைப் பஞ்ச், சிறிய சுத்தியல், மார்க்கர் பேனா, சாக்பீஸ், ஒரு மெழுகுவத்தி.

முக்கோண அரத்தைக் கடையில் வாங்கியபடியே பயன்படுத்தக் கூடாது. மூன்று முகங்களில் ஒன்றைச் சாணைக்கல்லில் பிடித்து, பல் முழுவதும் போகும்வரை தேய்த்து வழவழப்பாக்குங்கள். இதில் இரண்டு லாபம். சாய்வை வெட்டும்போது காடியின் தரை தேயாது. முனை மழுங்கலாக இருக்கும் அரத்துக்குக் கூரான ஒரு விளிம்பும் கிடைக்கும், அந்த விளிம்பு இல்லாமல் காடியின் மூலைக்குள் அரம் போகாது. சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். இரும்பு நீலம் பாய்ந்தால் அரத்தின் பதம் போய்விடும்.

2. துப்பாக்கி காலியாக இருக்கிறதா?

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைப் பார்த்த மாத்திரத்தில் காலி என்று சொல்ல முடியாது. மருந்தும் குண்டும் வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கலாம். கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, வாய் விளிம்பில் அடையாளம் வையுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி மருந்துத் துளை வரை, அதாவது மருந்துக்கு நெருப்பு போகும் துளை வரை, எட்டியிருக்க வேண்டும். அதற்கு முன்பே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை வெளியே எடுக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மருந்தைப் பற்றவைக்கும் சக்கிமுக்கிக் கல்லையோ வெடிமூடியையோ (கேப்) கழற்றி வையுங்கள். தோட்டா ரைஃபிள் என்றால் பின்பக்கத்தைத் திறந்து விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

சைட் மாற்றுவதற்கோ குழலில் வேலை செய்வதற்கோ உங்கள் ஊர்ச் சட்டத்தில் ஏதாவது அனுமதி வேண்டுமா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

3. இடத்தைக் கண் சொல்லட்டும்

குழலைத் துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்து இன்னும் கழற்றாதீர்கள். சைட் எங்கே உட்காரும் என்பதை முழுத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றித்தான் தீர்மானிக்க முடியும்.

சைட்டின் அடியில் கொஞ்சம் மெழுகோ களிமண்ணோ வைத்து மேல்பட்டையில் ஒட்டுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், வழக்கமாகச் சுடும்போது போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள். கன்னம் கட்டையில் படிந்ததும் கண்ணைத் திறந்து வெட்டைப் பாருங்கள். வெட்டு என்று நான் சொல்வது சைட்டின் நடுவில் இருக்கும் பள்ளத்தை. அதன் விளிம்பு பஞ்சு மாதிரி மங்கலாகத் தெரிந்தால் சைட்டை வாய்ப்பக்கமாக ஒரு விரல் அளவு தள்ளி மறுபடி பாருங்கள். விளிம்பு கூர்மையாகத் தெரியத் தொடங்கும் இடம்தான் உங்கள் இடம்.

பலருக்கு இது குழலின் பின்முனையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. முன்னால் அமையும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இன்னும் முன்னால் போகும். அதனால் கெடுதல் பெரிதாக இல்லை. இரண்டு சைட்டுக்கும் நடுவே தூரம் குறைவதால் குறியின் நுணுக்கம் கொஞ்சம் குறையும், ஆனால் மங்கலான வெட்டை வைத்துக்கொண்டு தடவுவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரே நாளில் முடிவு செய்யாமல் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை பாருங்கள். மூன்று தடவையும் ஒரே இடத்துக்கு வந்தால் பென்சிலால் அடையாளம் போடலாம்.

என்னிடம் வேலை கற்க வந்த ஒருவர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, நண்பருடைய ரைஃபிளில் சைட் இருந்த தூரத்தை அளந்து அதே இடத்தில் வெட்டினார். நண்பருக்கு இருபத்தைந்து வயது, இவருக்கு ஐம்பத்தெட்டு. பிறகு இன்னொரு காடியை 9 செ.மீ. முன்னால் வெட்ட வேண்டியதாகிவிட்டது. முதல் காடியில் ஓர் இரும்புத் துண்டை அடித்து மூடினோம். வேலை நடக்கிறது, ஆனால் அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது.

4. குழலின் சுவர் தாங்குமா?

இந்தப் படியில் அவசரமே வேண்டாம். காடி என்பது குழலின் சுவரிலிருந்து இரும்பை எடுப்பது. எடுத்த பிறகு மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடாமல் யாரும் ரம்பத்தைத் தொடக்கூடாது.

கணக்கு சுலபம். சைட் வரப்போகும் இடத்தில் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே குழலின் பருமனை அளங்கள். அதில் துளையின் விட்டத்தைக் கழித்து, பாதியாக்குங்கள். அது சுவரின் கனம். அதிலிருந்து காடியின் ஆழத்தையும், குண்டைச் சுழல வைக்கத் துளைக்குள் வெட்டியிருக்கும் வரிப்பள்ளத்தின் ஆழத்தையும் கழியுங்கள்.

ஓர் உதாரணம். பருமன் 25.4 மி.மீ., துளை 12.7 மி.மீ. என்றால் சுவர் 6.35 மி.மீ. வழக்கமான காடி ஆழம் 2.3 மி.மீ., வரிப்பள்ளம் 0.25 மி.மீ. என்று வைத்தால் மிச்சம் 3.8 மி.மீ. கவலை இல்லை. இப்போது அதே 12.7 துளையோடு 20.6 மி.மீ. பருமன் உள்ள மெல்லிய குழலை எடுங்கள். சுவர் 3.95, மிச்சம் வெறும் 1.4 மி.மீ. இந்தக் குழலில் முழு ஆழக் காடி வெட்ட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சைட்டின் அடியை மெலிதாக்கி ஆழம் குறைந்த காடி வெட்டலாம், அல்லது காடியே இல்லாமல் ஈயப்பற்று வைத்து ஒட்டும் சைட்டுக்குப் போகலாம். சந்தேகம் இருந்தால் குழலைச் செய்தவரிடம் கேளுங்கள்.

இடுப்பு சிறுத்து இரண்டு முனையும் பருத்த குழல்கள் உண்டு. அவற்றில் வாயின் பருமனை அளந்து ஏமாறாதீர்கள். சைட் வரும் இடத்திலேயே அளக்க வேண்டும்.

குழலைத் திருப்பி அடிப்பட்டையையும் பாருங்கள். குழலைக் கட்டையோடு பிடித்து வைக்கும் கொண்டிகள் அங்கே இருக்கும், அவற்றுக்கும் காடி வெட்டியிருப்பார்கள். மேலே உங்கள் காடியும் கீழே அந்தக் காடியும் ஒரே இடத்தில் வந்தால் குழல் இரண்டு பக்கமும் மெலிகிறது. ஓர் அங்குலமாவது தள்ளி வையுங்கள். கண் காட்டிய இடத்திலிருந்து அந்த அளவு நகர்வதால் பார்வையில் பெரிய வித்தியாசம் வராது.

சரி, சைட்டின் அடி அகலத்தை அப்படியே கோடு போடுவது ஏன் தவறு? 9.5 மி.மீ. என்பது காடியின் தரை அகலம். பக்கங்கள் 60 டிகிரி சாய்ந்து வருவதால், 2.3 மி.மீ. ஆழக் காடியின் மேல்வாய் சுமார் 6.8 மி.மீ.தான். மேலே 9.5-க்குக் கோடு போட்டு அறுத்தால், சைட்டைப் பிடித்து வைக்க வேண்டிய உதடுகளையே வெட்டி எறிந்துவிடுகிறீர்கள்.

5. கோடு போடுதல்

இப்போது குழலைக் கட்டையிலிருந்து கழற்றலாம். குழலைக் கட்டையோடு பிடித்திருக்கும் குறுக்கூசிகளைத் தட்டும்போது ஊசி வெளியே வரும் பக்கத்து மரத்துக்குத் துணி சுற்றிய கட்டையை முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் மரம் சிம்பு பெயர்ந்து வரும்.

குழலைத் தோல் போட்ட வைஸில் பிடித்து, மேல்பட்டையில் குறுக்காக ரசமட்டத்தை வைத்து மட்டம் பாருங்கள். நீளமான குழலின் தொங்கும் முனைக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள். வேலை நடுவே குழல் திரும்பினால் காடியின் தரை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும், சைட்டும் தலை சாய்ந்துதான் நிற்கும்.

வெட்டும் இடத்தில் மார்க்கரால் கருப்படியுங்கள். காடியின் நடுக்கோட்டை மூலைமட்டத்தால் குழலுக்குச் செங்குத்தாகக் கீறுங்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் 3 மி.மீ. தள்ளி இரண்டு கோடுகள். மேல்வாய் முடிவில் 6.8 வரும் என்றாலும் 6-இல் தொடங்குகிறோம், மிச்சத்தை அரம் எடுக்கும். பக்கவாட்டுப் பட்டைகளில் ஆழக் கோடு 2 மி.மீ.க்கு மட்டும். கடைசி 0.3 மி.மீ.யும் அரத்துக்குத்தான்.

6. ரம்பமும் தட்டை அரமும்

இரண்டு கோடுகளுக்கு உள்ளே ஐந்தாறு வெட்டுகள் நெருக்கமாகப் போடுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு பக்கத்து ஆழக் கோட்டையும் மாறி மாறிப் பாருங்கள். நமக்குத் தெரியும் பக்கம் கோட்டில் நிற்கும், மறுபக்கம் சத்தமில்லாமல் ஆழமாகப் போய்விடும். ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் தடவை நடப்பது இதுதான். வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய தகடுகளைச் சின்ன உளியால் தட்டினால் உடைந்துவிடும்.

அப்புறம் தட்டை அரத்தால் தரையைச் சமமாக்குங்கள். அரத்தில் முன்கூட்டியே சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள். இரும்புத் துகள் பல்லுக்குள் அடைத்துக்கொண்டு தரையில் கீறல் போடுவதை அது தடுக்கும். தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். தரை முழுவதும் ஒரே மாதிரி அரத்தின் வரி தெரிய வேண்டும்.

7. பக்கங்களை உள்வாங்கி வெட்டுதல்

முக்கோண அரத்தின் வழவழப்பான முகத்தைக் காடியின் தரையில் படிய வையுங்கள். இப்போது அரத்தின் வெட்டும் முகம் தானாகவே 60 டிகிரியில் நிற்கிறது. கோணத்தை நீங்கள் பிடிக்க வேண்டாம், தரை பிடித்துக் கொடுக்கும். தரையைச் சமமாக்கிவிட்டுத்தான் பக்கத்துக்கு வர வேண்டும் என்பது இதனால்தான்.

ஒரு பக்கத்துக்குப் பத்து இழுப்பு, மறுபக்கத்துக்குப் பத்து. காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் உதட்டின் விளிம்பு மட்டும் தேயும், சத்தம் மெலிதாக, கீச்சென்று இருக்கும். சாய்வு முழுவதும் அரத்தில் படத் தொடங்கியதும் சத்தம் தடித்து, கையில் கனமாக உணர்வீர்கள். அதன் பிறகு ஐந்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி சைட்டை வைத்துப் பாருங்கள்.

பழைய வழக்கப்படி, சுடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், சைட் வலமிருந்து இடமாக ஏறும், இடமிருந்து வலமாகக் கழலும். நீங்களும் அப்படியே வையுங்கள், நாளைக்கு வேறொருவர் கழற்றினாலும் குழப்பம் இருக்காது. காடியின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு மயிரிழை குறுகலாக இருக்கட்டும். நான் அரத்தை வலப்பக்கம் இரண்டு இழுப்பு கூடுதலாகப் போடுவதோடு நிறுத்திக்கொள்வேன். குறுகல் அதிகமானால் பின்னால் சைட்டை வலப்பக்கம் நகர்த்த வேண்டி வரும்போது பிடி விட்டுப்போகும்.

சைட் விரல் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனதும் குழலில் அரம் போடுவதை நிறுத்துங்கள். மிச்சம் முழுவதும் சைட்டில்தான்.

8. சைட்டைக் காடிக்குக் கொண்டுவருதல்

குழலில் தவறினால் குழல் போச்சு. சைட்டில் தவறினால் இன்னொரு சைட்.

சைட்டின் அடிப்பாகத்தை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வையுங்கள். காடியில் விரலால் தள்ளி, வெளியே எடுத்துப் பாருங்கள். கரி அழிந்து பளபளக்கும் இடம்தான் முட்டுகிற இடம். அடிமூலைகளின் கூர்முனை மட்டும் பளபளத்தால், காடியின் மூலையில் அரம் எட்டாமல் விட்ட இரும்பு முட்டுகிறது. சைட் இறுக்கமாகிவிட்டது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தக் கூர்முனையை ஒரு இழுப்பில் மழுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

மற்றபடி இறுக்கம் குறைய வேண்டுமானால் சைட்டின் சாய்ந்த பக்கங்களைத் தேய்க்காதீர்கள், அடியைத் தேயுங்கள். பெரிய தட்டை அரத்தை மேஜையில் படுக்க வைத்து, அதன் மேல் சைட்டை வைத்து இழுங்கள். அடி தட்டையாகவே இருக்கும், 60 டிகிரி சாய்வும் மாறாது. அடியில் 0.1 மி.மீ. போனால் அகலத்திலும் ஏறக்குறைய 0.1 மி.மீ. குறைகிறது, எனவே இரண்டு மூன்று இழுப்புக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்.

விரலால் தள்ளிப் பாதி வரை போனால் போதும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பித்தளைப் பஞ்சால் அடிப்பாகத்தைத் தட்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வெட்டு இருக்கும் மேல்பகுதியைத் தட்டவே கூடாது, வளைந்துவிடும். நாலு தட்டு தட்டியும் அசையவில்லை என்றால் பெரிய சுத்தியலைத் தேடாதீர்கள். எதிர்ப்பக்கமிருந்து தட்டி எடுத்து, மறுபடி கரி பிடியுங்கள். சைட்டின் இரண்டு ஓரமும் பட்டைகளுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள், இப்போது வெட்ட வேண்டாம்.

9. தளர்ந்துவிட்டால்

மெல்லிய பித்தளைத் தகட்டைக் காடியின் தரையில் போட்டு அதன் மேல் சைட்டை ஏற்றுங்கள். சுத்தமாகச் செய்தால் வெளியே தெரியாது, வருஷக்கணக்கில் நிற்கும். தளர்வு மிகக் குறைவு என்றால் சைட்டின் அடியில் சென்டர் பஞ்சால் நாலைந்து புள்ளி வைத்து இரும்பைக் கொஞ்சம் எழுப்பலாம். குழலில் புள்ளி வைக்காதீர்கள். காடியின் உதட்டைச் சுத்தியலால் தட்டி மடிப்பவர்களும் உண்டு. பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு தடவை சைட்டை நகர்த்தும்போதும் அந்த உதடு விட்டுக்கொடுக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

10. சுட்டுப் பார்த்துச் சரிசெய்தல்

முன் சைட்டை உயரமாகவே விட்டு வையுங்கள். உயரமாக இருந்தால் குண்டு கீழே படும், பிறகு அரத்தால் குறைத்துக் குறைத்துக் குண்டை மேலே கொண்டுவரலாம். குட்டையாக்கிவிட்டால் புது சைட்தான்.

மருந்தளவு, குண்டு, சுற்றும் துணி எல்லாம் எப்போதும் போடுவதாக இருக்கட்டும். 50 மீட்டரில், தாங்கு வைத்து ஐந்து குண்டு சுட்டு, ஐந்தின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டைத் தட்டுகிறவர்கள் சாயங்காலம்வரை சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் நிற்பார்கள்.

எவ்வளவு நகர்த்துவது? குண்டு விலகிய தூரத்தை இரண்டு சைட்டுக்கும் இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். எல்லாம் மி.மீ.யில். சைட்டுகளுக்கு இடையே 750 மி.மீ., இலக்கு 50,000 மி.மீ., குண்டு 60 மி.மீ. இடப்பக்கம் என்றால் 0.9 மி.மீ. பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ குண்டும் அந்தப் பக்கமே போகும், ஆகவே வலப்பக்கம் 0.9. நகர்த்துவதற்கு முன் சைட்டையும் குழலையும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு கீறிவிடுங்கள், எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க அதுதான் ஆதாரம்.

உயரத்துக்கும் அதே கணக்கு. 150 மி.மீ. கீழே பட்டால் முன் சைட்டில் 2.25 மி.மீ. குறைய வேண்டும். முதலில் 1 மி.மீ. மட்டும் தேயுங்கள், சுடுங்கள், மறுபடி பாருங்கள்.

வெட்டின் அகலத்தையும் சுடும் இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முன் சைட் வெட்டுக்குள் நிற்கும்போது இரண்டு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசி அரத்தால் வெட்டை இரண்டு பக்கமும் சமமாக விரியுங்கள். சைட்டின் முகத்தில் வெயில் பட்டுக் கண் கூசினால், மேல்விளிம்பு உங்களைப் பார்த்து ஒரு நூல் சாயும்படி முகத்தைத் தேய்த்துவிடுங்கள். முகம் தன் நிழலிலேயே கறுப்பாக நிற்கும்.

11. கடைசி வேலைகள்

குறி நின்ற பிறகுதான் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்களை வெட்ட வேண்டும். முன்பே வெட்டியிருந்தால், சைட் நகர்ந்ததும் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாகிவிடும். பக்கத்துப் பட்டையில் தாளை ஒட்டிக் காத்துக்கொண்டு, பட்டையின் சாய்வோடு சேரும்படி அரத்தால் தேயுங்கள்.

வெட்டிய இரும்பு வெறுமையாக இருக்கிறது. கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும், காடியின் ஓரம்தான் முதலில் துருப்பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, குழலின் நிறத்துக்குத் தகுந்த சாயத்தை ஏற்றி, மேலே எண்ணெய் தடவுங்கள்.

முதலில் கீறிய கோடு சைட் நகர்ந்ததில் விலகியிருக்கும். குறி நின்ற இடத்தில் புதிதாக ஒன்று கீறுங்கள். அடுத்த இருபது குண்டு சுட்டதும் அந்தக் கோட்டைப் பாருங்கள். சைட்டிலும் குழலிலும் கோடு ஒரே நேராக நின்றால் பிடி சரி. மயிரிழை விலகியிருந்தாலும் 9-வது படிக்குத் திரும்புங்கள்.